சமையல்காரன் குடித்த தேநீர்

ஜாலான் டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன்
12 ஆகஸ்ட் 2024

அம்பிகைபாகன் வாத்தியாருக்கு சீனி முகம்மது சொல்ல, மகள் மர்ஜானா எழுதுவது.

முகம்மது அலி கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா ஸ்டேடியத்துல குத்துச்சண்டை போட்ட வருஷம் அது. அதே வருஷம்தான் கவர்மெண்டு டாலருக்கு ரிங்கிட்னு பேர் வச்சது. நம்மாளுங்களுக்கு அன்னைக்கும் வெள்ளிதான், இன்னைக்கும் வெள்ளிதான். பினாங்குக்குப் பாலம் வரலை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ் புதுசு, பொம்பளைப் பிள்ளைங்க தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு ஏறுவாங்க. நார்தம் ரோட்டுல கடலைப் பார்த்த ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, கமாலுதீன் முதலாளி வாரம் தவறாம விருந்து வச்சுக்கிட்டிருந்தார். நான் அவருக்குப் பண்டாரி, சமையல் முழுக்க என் பொறுப்பு. நீங்க பங்களாவுக்குப் பின்சந்துல ரெண்டு அறை வீட்டுல தங்கச்சியோட குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வே ஆபீசுல பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமேன்னு கேட்பீங்க. உங்க புஸ்தகத்தை வாசிக்கக் கேட்டப்புறம் உங்களுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டுது.

புஸ்தகமும் கடுதாசியும் வந்து சேர்ந்துச்சு. நவம்பர் இருபத்து நாலாந்தேதி இங்க மண்டபத்துல வெளியீட்டு விழா, நூத்தம்பது பேருக்கு என் கடைச் சாப்பாடு வேணும், பாதிப் பேர் சைவம், அதுக்குத் தனிப் பாத்திரம்னு எழுதியிருந்தீங்க. கூடவே, அச்சுக்குப் போகிற பிரதி ஒண்ணு, 'அன்பளிப்பு'ன்னு கையெழுத்துப் போட்டு. எழுத்து தெரியாதவனுக்குப் புஸ்தகம் அன்பளிப்பு! மொட்டையனுக்குச் சீப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி. இவன் வாசிக்கவா போறான், அலமாரியில வச்சு அழகு பார்ப்பான்னு நினைச்சீங்க. எனக்கு மகள் இருக்கா லா, வாத்தியாரே. மத்தியானக் கூட்டம் கலைஞ்சதும் கடையில உட்கார்ந்து வாசிச்சா. நான் மட்டும் கேட்கலை, கடையில இருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க.

பதினாலாவது அத்தியாயம் வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அதுல, அரிசி மூட்டைக்குள்ள முதலாளி ஒளிச்சு வச்சிருந்த கடத்தல் கடிகாரத்தையெல்லாம் சுங்க இலாகா கஸ்தம்காரங்களுக்குக் காட்டிக்கொடுத்தது சமையல்கார இப்ராஹிம்னு எழுதியிருக்கீங்க. லெபோ சூலியா டீக்கடையில அதிகாரியோட உட்கார்ந்து அவன் தேத்தண்ணி குடிக்கிறானாம், ரொட்டியை அதுல தோய்ச்சுத் தின்கிறானாம், வாயைத் துடைச்சுக்கிட்டு விஷயத்தைக் கக்குறானாம்.

செத்தவங்க பேரையெல்லாம் அப்படியே வச்சிட்டீங்க, செத்தவங்க கேஸ் போட மாட்டாங்க. என் பேரை மட்டும் இப்ராஹிம்னு மாத்திட்டு, என் கோண மூக்கை மாத்தாம விட்டுட்டீங்க. என் கடைக்கு போர்டுல என்ன பேர் இருந்தாலும் ஊர் சொல்றது 'கோணமூக்கன் கடை'. இதைப் படிக்கிறவன் சோறு வாங்கவா வருவான், மூக்கைப் பார்க்க வருவான். முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன்னு இந்த ஊருல எவனும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எம்பது வயசுல அந்தப் பேரோட நான் கபருக்குப் போக மாட்டேன்.

விழாவுக்கு முன்னாடி அந்த அத்தியாயத்தை எடுங்க. எடுத்தப்புறம் சாப்பாட்டைப் பத்திப் பேசலாம்.

சீனி முகம்மது


பெட்டாலிங் ஜெயா
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சீனி,

உமது கடிதம் கண்டேன். நீர் இன்னும் நலமாக, அதே முன்கோபத்தோடு இருப்பது மகிழ்ச்சி.

ஒரு நாவலை எப்படி வாசிப்பது என்பதை உமக்குக் கடிதத்தில் விளக்குவது சிரமம், ஆயினும் முயல்கிறேன். முன்னுரையில் நான் குறிப்பிட்டிருப்பதை உமது மகள் வாசித்துக் காட்டியிருப்பார். ஆறாம் படிவ மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் ஓர் அமெரிக்க நாவலைக் கற்பித்தவன் நான். எங்கிருந்தோ வந்து பணம் சேர்த்த ஒருவன் பெரிய வீட்டில் விருந்து வைக்கிறான். அயல்வீட்டுக்காரன் கதையைச் சொல்கிறான். அதைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்குக் கமாலுதீனின் நினைவு வரும். இப்படியொரு கதை நமது பினாங்கிலும் நடந்ததே, அதற்கு நானே சாட்சியாக இருந்தேனே என்ற உணர்வில்தான் எழுதினேன்.

இப்ராஹிம் நீர் அல்ல. அவன் ஒரு பாத்திரம். அவனுக்குள் இருப்பது ஒரு வர்க்கத்தின் அடக்கிவைத்த கோபம். காலமெல்லாம் பிறருக்குப் பரிமாறியவன் ஒருநாள் திருப்பி அடிக்கிறான். அவனை நான் இழிவுபடுத்தவில்லை; மிகுந்த அனுதாபத்தோடு எழுதியிருக்கிறேன். பேராசிரியர் ஒருவர் வாசித்துவிட்டுக் கண் கலங்கினார்.

இன்னொன்று. கதைசொல்லி சொல்வதையெல்லாம் வாசகர் அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. 'நம்பத்தகாத கதைசொல்லி' என்றே ஓர் உத்தி உண்டு. அதை நானே மாணவர்களுக்குப் போதித்திருக்கிறேன்.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன். நேர்மையாக எழுதினேன். ஆகவே மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். சைவத்துக்குப் பருப்பும் இரண்டு கறியும் போதும். விழாவன்று உம்மை மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்தவும் எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்பிகைபாகன்


ஜாலான் டத்தோ கிராமாட்
3 செப்டம்பர் 2024

வாத்தியாருக்கு,

பொன்னாடையை உங்க பேராசிரியருக்குப் போர்த்துங்க. கண் கலங்கினவருக்குத் துடைச்சுக்கவாவது ஆகும்.

கதை சொல்றவனை நம்பக்கூடாதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. நல்லது, அந்தப் பாடத்தை உங்ககிட்டேயே திருப்பிச் சொல்றேன். உங்க அமெரிக்காக்காரன் கதையை மர்ஜானா எனக்குச் சொன்னா, அவ ஸ்கூல்ல படிச்சிருக்கா. நான் ஒண்ணுதான் கேட்டேன். "ஏம்மா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் விருந்துக்கெல்லாம் போறான், தின்னுறான், குடிக்கிறான், யாரை யார் ரகசியமாப் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சும் எல்லாத்துக்கும் உடந்தையா நிக்கிறான். கடைசியில கைகழுவிட்டு நான் யோக்கியன்னு கதை சொல்றான். இவனை யாரும் ஒண்ணும் கேட்கலையா?"

அவ சிரிச்சா. "அத்தா, இதைத்தான் எங்களுக்குப் பரீட்சையில கேட்டாங்க."

உங்க பிள்ளைங்க பாஸ் பண்ணியிருப்பாங்க. நீங்க பாஸ் பண்ணலை.

வர்க்கத்தின் கோபம்னா என்னான்னும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கோபம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. முதலாளிக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாதுன்னு உங்க ஆளுங்க டாக்டரும் லாயருமா அவர் வீட்டு வராந்தாவுல நின்னு சிரிப்பாங்க. வாய் நிறைய அவர் சோறு. 'காக்கா நல்லாத்தான் பிரியாணி போடுறான், ஆனா வீடுதான் காக்கா கடை மாதிரி இருக்கு'ன்னு எங்க முஸ்லிம் ஆளுங்களைக் கூப்பிடுற பேரை வச்சு ஒருத்தர் சொன்னார், எல்லாரும் சிரிச்சீங்க. நீங்க சத்தம் வராம சிரிச்சீங்க. அப்ப எனக்குக் கோபம் வந்து கறியில ஒரு கை மிளகாய் கூடப் போட்டேன். என் வர்க்கத்தின் கோபம் அவ்வளவுதான். ஆளையே உள்ள தள்ளுற கோபமெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் வரும்.

இப்ப அந்தத் தேத்தண்ணிக்கு வர்றேன்.

கஸ்தம்காரங்க வந்தது ரமலான் மாசம். உங்க புஸ்தகம் முழுக்க ரமலானே இல்லை. மர்ஜானாவை ரெண்டு தடவை தேடச் சொன்னேன், இல்லை. கடல் இருக்கு, நிலா இருக்கு, தண்ணீர்மலைத் தைப்பூசம் இருக்கு, நோன்பு இல்லை. நோன்பு வச்சிருந்த நான், நட்ட நடு மத்தியானத்துல, லெபோ சூலியாவுல, எங்க ஆளுங்க கடையில உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சேன்னு எழுதியிருக்கீங்க! கஸ்தம் வரைக்கும் போகவே வேண்டாம், அந்தக் கடையிலேயே என் மூக்கை மறுபடியும் உடைச்சு நேராக்கியிருப்பாங்க.

எப்படி மறந்தீங்க தெரியுமா? நான் சொல்றேன். அந்த மாசம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சீனி, நாம பட்டினி, வாத்தியார் என்ன பாவம் செஞ்சார்? எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவர். அவருக்கு மட்டும் மத்தியானம் தனியா வடிச்சிரு"ன்னார். தோட்டக்காரன் ராமதாஸ் உங்க வீட்டு டிபன் கேரியரைக் கொண்டு வருவான், நான் நிரப்பிக் கொடுப்பேன். நாக்குல வச்சுப் பார்க்காம, வாசனையை மட்டும் வச்சுச் சமைச்சேன். ஒரு நாள் உப்பு கம்மின்னு சொல்லி அனுப்பினீங்க, ஞாபகம் இருக்கா? சோறு வந்துச்சு, தின்னீங்க. சமைச்சவன் வயிறு காஞ்சு கிடந்தது உங்களுக்கு எட்டவே இல்லை. உங்களுக்கு அது எல்லா மாசம் மாதிரி ஒரு மாசம்.

முதலாளி சாவையும் அந்த அமெரிக்காக்காரன்கிட்ட இருந்துதான் எடுத்தீங்க போல. ஜெயில்ல செத்தாராம், உடம்பு மூணு நாள் கேட்பாரில்லாம கிடந்துச்சாம், அடக்கத்துக்கு நீங்க ஒருத்தர்தான் மழையில நின்னீங்களாம். எங்கள்ல காலையில மவுத்தானா சாயங்கால அசர் தொழுகைக்குள்ள அடக்கம் பண்ணிடுவோம். அதுவும் தெரியலை. அவர் ஜெயில்ல சாகவுமில்லை. வெளிய வந்து, சௌராஸ்தா பசார்ல மசாலாக் கடை வச்சு, வெள்ளி மதிப்பு விழுந்து எல்லாரும் தலையில கை வச்ச வருஷம் வரைக்கும் இருந்தார். கப்பித்தான் பள்ளிவாசல்ல அவர் அடக்கத் தொழுகைக்கு நிக்க இடமில்லை. அந்தக் கூட்டத்துல உங்களைத்தான் காணோம்.

உண்மைக் கதைன்னு அட்டையில போட்டிருக்கீங்க. அத்தியாயத்தை எடுங்க.

சீனி முகம்மது


பெட்டாலிங் ஜெயா
20 செப்டம்பர் 2024

திரு. சீனி முகம்மது அவர்களுக்கு,

நோன்பு பற்றிய தகவலுக்கு நன்றி. பயனுள்ள திருத்தம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதும்போது இத்தகைய சிறு பிசகுகள் நேர்வது இயல்பு.

பதிப்பாளரோடு கலந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இப்ராஹிம் என்ற பாத்திரத்தைப் பதினான்காம் அத்தியாயத்திலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். இனி நீங்கள் மனக்குறைப்பட எதுவும் இல்லை. தகவல் கொடுப்பவன் இப்போது தோட்டக்காரன். அவன் இந்து, ஆகவே தேநீர்க்கடைக் காட்சியை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் காட்சி மிகச் சிறப்பாக வந்திருப்பதாகப் பதிப்பாளரும் சொல்கிறார்.

விடுதலைக்குப் பின் கமாலுதீன் என்ன ஆனார் என்பது நாவலுக்குத் தேவையற்றது. மசாலாக் கடையில் ஒரு கதையை முடிக்க முடியாது.

நேர்மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதால் ஒன்று கேட்கிறேன். சுங்க அதிகாரிகள் பங்களாவுக்கு முத்திரை வைத்தபோது அங்கிருந்த பெரிய செம்புச் சட்டிகள் எங்கே போயின? அடுத்த ஆண்டு தொடங்கிய உங்கள் முதல் கடையில் அவற்றை நான் பார்த்ததாக நினைவு. முதலாளியின் வீழ்ச்சியால் யார் வாழ்ந்தார்கள் என்று வாசகர் கேட்டால் என்ன பதில்?

கடைசியாக, இந்நாவலை நான் புகழுக்காக எழுதவில்லை. அந்த ஆண்டுகளின் துயரத்தில் என் ஒரே தங்கையை இழந்தேன். வள்ளிநாயகி அடுத்த ஆண்டே ஈப்போவில் சித்தி வீட்டில் மஞ்சள் காமாலையில் காலமானாள் என்பது ஊரறிந்தது. அவள் நினைவுக்கே நூலைச் சமர்ப்பித்திருக்கிறேன். கமாலுதீனுக்கு அவள்மீது ஒருதலையாக ஏதோ எண்ணம் இருந்திருக்கலாம். என் தங்கை அவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இறந்தவளின் பெயரைக் கருதியாவது இந்த வழக்கை நிறுத்துங்கள்.

அம்பிகைபாகன்


ஜாலான் டத்தோ கிராமாட்
1 அக்டோபர் 2024

வாத்தியாருக்கு,

உங்க கடுதாசியை மர்ஜானா வாசிச்சப்ப, தோட்டக்காரன் வந்த இடத்துல நிறுத்தச் சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னேன். அப்புறம் கடையில வேலை செய்ற பையன்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிட்டுது.

காட்டிக்கொடுத்தவன் மாறுவான், தேத்தண்ணி மாறாது! சமையல்காரன் வாயிலிருந்து பிடுங்கித் தோட்டக்காரன் வாயில ஊத்தியாச்சு. அவனும் ஆகலைன்னா அடுத்து யாரு, வண்ணானா? கக்கூஸ் கழுவுறவனா? அந்த வீட்டுக்கு லாயர் வந்தார், டாக்டர் வந்தார், வாத்தியார் வந்தார். அவங்க யாரும் டீக்கடைப் பக்கமே போக மாட்டாங்களா?

ராமதாஸ் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. அதான் அவன் பேர்ல எழுதினீங்க. ஆனா அவனுக்கும் மகள் இருக்கா. மோகனா. பாயான் லெப்பாஸ்ல சிப்பு செய்ற ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவ. போன வாரம் சோறு வாங்க வந்தவகிட்ட சொன்னேன். "எங்கப்பாவா? முதலாளி ஜெயிலுக்குப் போனப்புறமும் போய் அந்த வீட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தினவரு. விழா என்னைக்கு அண்ணே?"ன்னு தேதி கேட்டுக்கிட்டுப் போனா. நான் உங்களைப் பயமுறுத்தலை. சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கூட, அவ்வளவுதான்.

சட்டி கேட்டீங்க. எடுத்தேன். கஸ்தம்காரன் முன்வாசல்ல அரக்கு உருக்கிட்டு இருந்தப்ப பின்வாசல் வழியா நானும் ராமதாஸும் தலையில தூக்கிட்டுப் போனோம். கேட்காமதான் எடுத்தேன், கேட்க முதலாளி கஸ்தம்காரன் லாரியிலல்லவா உட்கார்ந்திருந்தார். அவர் வெளிய வந்தப்ப அதே சட்டியில அவருக்குத்தான் முதல் சோறு. கவர்மெண்டு ஏலத்துல போயிருந்தா அதுல யாராச்சும் பன்னிக்கறி காய்ச்சியிருப்பான். இதுக்கெல்லாம் நான் தலைகுனிய மாட்டேன். வேணும்னா அதையும் எழுதிக்கங்க. கோணமூக்கன் சட்டி திருடினான்னு எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன், கைநாட்டுத்தான்.

உங்க தங்கச்சி அவரை ஏறெடுத்துப் பார்க்கலைன்னீங்க. அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்துல ஒரு தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்துச்சே, யார் போட்டதுன்னு தெரியுமா? முதலாளிதான். பேர் போடாம, ராமதாஸ் பேரைச் சொல்லிப் போட்டார். பானகம் ஊத்திக் கொடுத்தது நானும் அவனும். உங்க தங்கச்சி மூணு தடவை வந்து குடிச்சாங்க. தாகம்னா அப்படி ஒரு தாகம். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க ஹெட்மாஸ்டரோட இங்கிலீஷ் பேசிட்டு நின்னீங்க. நீங்க பார்த்ததை மட்டும் எழுதினீங்க, சரிதான். எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னீங்கங்கிறதையும் சேர்த்து எழுதணும்.

ஈப்போ, மஞ்சள் காமாலை பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன். பேசக்கூடாதுன்னு ஒருத்தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.

ஆனா டிபன் கேரியரைப் பத்திப் பேசுவேன். அதுக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்கலை.

அந்த நோன்பு மாசம் பூரா உங்க டிபன் கேரியர் ஒரு நாள் தவறலை. மழையில வந்துச்சு. பள்ளிக்கூட லீவுல வந்துச்சு. உங்களுக்குக் காய்ச்சல்னு கஞ்சி வாங்கிட்டுப் போக வந்துச்சு. கஸ்தம்காரங்க வந்த அன்னைக்கு மட்டும் வரலை. நான் சோறு வடிச்சு வச்சுட்டு வாசலைப் பார்த்துட்டு இருந்தேன். ராமதாஸ் வெறுங்கையோட வந்தான். "வாத்தியார் இன்னைக்குச் சோறு வேணாம்னுட்டார், கதவைச் சாத்திக்கிட்டு இருக்கார்"ன்னான். அவன் சொல்லி முடிக்கலை, லாரி வந்து நின்னுச்சு. வந்தவங்க ஒரு ரூமைத் தேடலை, ஒரு பெட்டியைத் திறக்கலை. நேரா அரிசி மூட்டைக்குப் போனாங்க.

அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு அணையப்போகுதுன்னு சமைக்கிற எனக்குத் தெரியாது. திங்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இதை எந்த அத்தியாயத்துல எழுதப் போறீங்க?

சீனி முகம்மது


பெட்டாலிங் ஜெயா
19 அக்டோபர் 2024

திரு. சீனி முகம்மது,

இது என் கடைசிக் கடிதம்.

ஒருவர் ஒரு நாள் மதிய உணவு வேண்டாம் என்று சொன்னதை வைத்து ஒரு குற்றச்சாட்டா? அன்று எனக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வயிற்றுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நூல் அச்சுக்குப் போய்விட்டது. பதினான்காம் அத்தியாயத்தில் தோட்டக்காரனே இருக்கிறான். விழாவுக்கான உணவை வேறு இடத்தில் சொல்லிவிட்டேன்.

நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாலும் எனக்குக் கவலையில்லை. யார் நம்புவார்கள்? நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர். முதலாளியின் சட்டியைத் திருடியதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஓர் ஆசிரியன். நான் எழுதியது புத்தகமாக நூலகத்தில் இருக்கும். நீங்கள் சொல்வது கடை மூடும்போது காற்றில் போய்விடும். கமாலுதீன் இல்லை. தோட்டக்காரன் இல்லை. என் தங்கை இல்லை. அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல என்னைத் தவிர இன்று யாருமில்லை.

அம்பிகைபாகன்


ஜாலான் டத்தோ கிராமாட்
4 நவம்பர் 2024

வாத்தியாருக்கு,

நல்ல கடுதாசி எழுதினீங்க. இத்தனை வருஷத்துல நீங்க ஒளிக்காம எழுதினது இது ஒண்ணுதான். நான் சொல்றது காத்துல போயிடும், நீங்க எழுதினது அலமாரியில நிக்கும். ஆமா, அதுக்குத்தானே பள்ளிக்கூடம் போனீங்க. முதலாளியும் அதுக்குத்தான் உங்ககிட்ட இங்கிலீஷ் படிக்க வந்தார், பாவம். தன் பேரைத் தானே எழுதிட்டா மனுசனா மதிப்பாங்கன்னு நினைச்சார். அவர் எழுதக் கத்துக்கிட்ட முதல் இங்கிலீஷ் கையெழுத்து கஸ்தம்காரன் காகிதத்துல போச்சு.

யாருமில்லைன்னு சொன்னீங்களே, வாங்க, ஆளாளாப் பார்ப்போம். எனக்கு எழுத்துதான் இல்லை, ஆள் ஞாபகம் இருக்கு.

முதலாளி மவுத்து. அவருக்கு ஹார்ட்டு. ராமதாஸ் போனது ஃபெர்ரி ஏறுற ஜெட்டி இடிஞ்ச வருஷம், ஜெட்டியில இல்லை, வீட்டுல படுத்துத்தான். காக்கா கடை மாதிரி இருக்குன்னு சிரிச்ச லாயர் கிளப்புல சீட்டாடிக்கிட்டே சாய்ஞ்சார். சோறு சூடில்லைன்னு தட்டைத் திருப்பி அனுப்புவாரே டாக்டர், அவர் பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிட்டுப் போய் அங்க போனார். மூட்டையை அவிழ்த்த கஸ்தம் அதிகாரி ரிட்டையர் ஆகி என் கடையிலேயே காலையில வந்து உட்காருவார். ஒரு தடவை கேட்டேன், "ஐயா, யார் சொன்னா?" "வேண்டாம் சீனி, படிச்ச மனுசன்"னார், தேத்தண்ணியைக் குடிச்சார், எந்திரிச்சுப் போனார். பார்த்தீங்களா, டீக்கடைக் காட்சி உங்க புஸ்தகத்துல தப்பில்லை, ஆளுங்கதான் தப்பு. அவரும் இப்ப இல்லை.

என்னைச் சேர்க்காதீங்க, நான் சட்டி திருடினவன். உங்களையும் சேர்க்காதீங்க, நீங்க கதை சொல்றவர், உங்களை நம்பக்கூடாதுன்னு உங்க பாடம்.

இன்னும் ஒருத்தங்க இருக்காங்க.

கோவிட் வர்றதுக்கு முந்தின வருஷம் நீங்க பினாங்குக்கு வந்தப்ப என் கடையில சாப்பிட்டீங்க. என்னைப் பார்த்ததும் "சீனி! இன்னும் இருக்கியா?"ன்னு முதுகுல தட்டினீங்க. சாப்பிட்டுட்டுக் கல்லாவுல பணம் கொடுத்தீங்க. அங்க தலையில முக்காடு போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. மிச்சத்துக்குக் கையை நீட்டினீங்க, அவங்க உள்ளங்கையில வச்சாங்க. நீங்க ஃபோனைப் பார்த்துக்கிட்டே போயிட்டீங்க. கல்லாவுல இருக்கிறவளை யார் நிமிர்ந்து பார்ப்பா? அவங்க உள்ள போய் முகத்தைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தாங்க. "என்னம்மா?"ன்னேன். "ஒண்ணுமில்லை அண்ணே. இன்னும் உப்பு கம்மின்னுதான் சொல்லிட்டுப் போறார்"ன்னாங்க.

அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடுறேன்னேன். வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. "எங்க வீட்டுல எனக்குத் தலைமுழுகியாச்சு அண்ணே. அவங்களுக்கு நான் செத்தவளாவே இருந்துக்கிறேன்"னாங்க. முதலாளி ஜெயில்ல இருந்து வந்த மறு மாசம் நிக்காஹ் ஆச்சு. கலிமா சொல்லி எங்க மார்க்கத்துக்கு வந்து கட்டிக்கிட்டாங்க. நான்தான் சமைச்சேன், இருந்தது எட்டுப் பேரோ பத்துப் பேரோ. அந்த மசாலாக் கடையில அவரோட உட்கார்ந்து மிளகு புடைச்சாங்க. உங்களால அங்க கதையை முடிக்க முடியலை, அவங்க அங்க இருபது வருஷம் குடும்பம் நடத்தினாங்க. அவர் போனப்புறம் என் கடைக் கல்லாவைப் பார்த்துக்கிறாங்க. மர்ஜானா உங்க புஸ்தகத்தை வாசிச்சப்ப பக்கத்துல உட்கார்ந்து முதல்லேர்ந்து கேட்டாங்க. தான் மஞ்சள் காமாலையில சாகிற இடத்துல, "நல்லாத்தான் எழுதியிருக்கார், நான் இவ்வளவு அழகாச் செத்திருக்க மாட்டேன்"னாங்க.

பதினாலாவது அத்தியாயத்துக்குத்தான் பேச்சு நின்னுபோச்சு. இத்தனை வருஷமா நான் கேட்டதில்லை, அவங்களும் சொன்னதில்லை. யார் செஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னே நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

உங்க கடைசிக் கடுதாசியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. 'என் தங்கை இல்லை'ங்கிற இடத்துல எந்திரிச்சுட்டாங்க. கஸ்தம்காரங்க வர்றதுக்கு முந்தின நாள், அவசரமா அவங்களை ஈப்போ பஸ்ல ஏத்திவிட்டப்ப, ஜன்னல் வழியா நீங்க அவங்ககிட்ட என்னமோ சொன்னீங்களாம். ஒரு சொல் மறக்கலையாம். என்னான்னு கேட்டேன். "உங்ககிட்ட எதுக்கு அண்ணே? சொன்னவர்கிட்டேயே கேட்கிறேன்"னாங்க. சத்தியத்தையும் திருப்பிக் கொடுத்துட்டாங்க, அதான் எழுதுறேன்.

விழாவுக்கு மோகனா வர்றா. அவ அப்பா குடிக்காத தேத்தண்ணிக்குப் பதில் கேட்க வர்றா. நானும் வர்றேன், மூக்கோட. மேடை எங்களுக்கு வேணாம். முன்வரிசையில ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க, கைப்பிடி உள்ளதாப் பார்த்துப் போடுங்க, அவங்களுக்கு முட்டி வலி. பேரெழுதி ஒட்டணும்ல, சொல்லிடுறேன். அடையாளக் கார்டு ஐ.சி.யில இருக்கிறது சுலைஹா பிந்தி அப்துல்லா. நீங்க எழுதி ஒட்ட வேண்டியது, உங்க தங்கச்சி வள்ளிநாயகி.